நாற்பத்தேழாம் தாள்

ஒரு புதுத் தாளை ஒரே பிற்பகலில் அறுபது வருஷம் பழையதாக்க என்னால் முடியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மலாக்கா டவுனில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, பவானேஸ்வரி என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட யாருக்கும் நேரமில்லாத எனக்கு, அந்த ஒரு வித்தையில் மட்டும் ஜோடி கிடையாது.

வித்தையைக் கிளப்பிவிட்டவன் கிஷன். என்னோடு படித்தவன். தங்கா பத்துவில் அவன் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பேர் கூடுவோம். அவன் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவான். நாங்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். கப்பல் தலைவன், ஒற்றன், வைத்தியச்சி. கதவை உடைக்கிறோமா, தப்பி ஓடுகிறோமா என்று நாங்கள் சொல்வோம். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது பக்கம் கொண்ட ஒரு பகடை சொல்லும். இருபது விழுந்தால் ராஜா, ஒன்று விழுந்தால் தொலைந்தோம். வயசுப் பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று அம்மா சொல்வார். தப்பாகவும் சொல்லவில்லை.

கதையில் ஒரு கடிதம் வந்தால் கிஷன் அதைத் தன் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்துப் படிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்நூறு வருஷத்துக்கு முந்திய மாலுமியின் மரண வாக்குமூலத்தைக் கோடு போட்ட நோட்டிலிருந்தா படிப்பது? அடுத்த வாரமே நான் ஒன்று செய்துகொண்டு போனேன். மேஜையில் வைத்ததும் எல்லாத் தலையும் அதன்மேல் குனிந்தன. எங்கள் கூட்டத்துக் குகன் அதை எடுத்து முகர்ந்து பார்த்தான். அன்றிலிருந்து கடிதம், வரைபடம், பிடிவாரண்டு எல்லாம் என் இலாகா.

தாளை நனைக்கத் தேத்தண்ணீர் ஆகாது, சாயம் வெளிறிப்போகும். கெட்டியான கோப்பி ஓ, அதாவது பால் கலக்காத கடுங்கோப்பி வேண்டும், சர்க்கரை இல்லாமல். முதல் தடவை சர்க்கரையோடு ஊற்றியதில், மாலுமியின் வாக்குமூலத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. நனைத்த தாளை அரை ஈரத்தில் மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, அயர்ன் போட வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை மூலையில் குத்தி இரண்டு நாள் விட்டால் அசல் துருக்கறை. ஓரத்தை எரிப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. பாதி எரிந்த கடிதத்தை எந்த மடையன் அத்தனை வருஷம் பத்திரப்படுத்துவான்? ஆனால் கிஷனுக்கு எரிந்த ஓரம் என்றால் உயிர்.

தொண்ணூற்று நாலில் ஒரு ஞாயிறு காலை, இருசம்மாள் அத்தை ஒரு கட்டுக் காகிதத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். செலண்டார் பக்கம் பதினோராங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்கள். நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். அத்தை அங்கேயே இருந்து, முட்டி வலி வந்தபின் தோட்ட ஆபீசைக் கூட்டும் வேலைக்கு மாறியிருந்தார்.

"ஸ்டோர காலி பண்றாங்க புள்ள. எல்லாத்தையும் கொளுத்தச் சொல்லிட்டாரு ஆபீசுக் கணக்கு பாக்கற கிராணி. நீ பழைய பேப்பர வெச்சி என்னமோ வெளையாடுவியாமே, அதான் கையில கெடச்சத அள்ளிக்கிட்டு வந்தேன். பஸ்சுல ஒரே தும்மலு."

மூன்று புத்தகங்கள் இருந்தன. இரண்டைக் கரையான் முடித்துவிட்டிருந்தது. மூன்றாவது, தோட்ட ஆஸ்பத்திரியின் பிறப்புப் புத்தகம். ஒரு குழந்தைக்கு ஒரு தாள். மேலே அச்சிட்ட எண், கீழே டிரெஸ்ஸர், அதாவது ஆஸ்பத்திரி கம்பவுண்டர், இங்கிலீஷில் நிரப்பிய விவரம், பின்பக்கம் வெறுமை. என் கண் அந்த வெறுமையில் நின்றுவிட்டது. ஐம்பது வருஷத்து நிஜத் தாள், ஒரு எழுத்துக்கூட இல்லாமல்! சவர பிளேடால் முதுகோரமாகப் பன்னிரண்டு தாளை அறுத்தெடுத்தேன். முன்பக்கம் பெயர்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்தேன். யார் பெயர் என்று படிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் படாமல் கிடந்ததால் தாள்கள் வெளுப்பாகவே இருந்தன. "என்ன பவானி, புதுசு மாதிரி இருக்கு? எட்ஜையாச்சும் கொஞ்சம் பர்ன் பண்ணுலா, சூப்பரா இருக்கும்," என்றான் கிஷன். ஆக, உண்மையிலேயே பழைய தாளை, பழையதாகத் தெரிவதற்காக நான் கோப்பியில் முக்கினேன். அவன் நச்சரிப்புத் தாங்காமல் மூன்று தாளுக்கு ஓரத்தையும் எரித்தேன். கோட்டைச் சுவருக்கு அடியில் புதைத்த பெட்டிக்கு ஒரு வரைபடம் வரைந்தேன் பாருங்கள், சிவப்பு மையில் குறுக்குக்கோடு, மூலையில் மண்டையோடு. கிஷனும் குகனும் வாய் பிளந்தார்கள்.

இரண்டு வருஷம் ஓடியது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை ஆண்டுக் கடைசியில் இடிப்பதாகப் பேச்சு. குடியிருந்தவர்களுக்குச் செலண்டார் டவுன் ஓரம் மலிவு விலை வீடு உண்டு. அதற்குக் குடியுரிமை உள்ளவர்களுக்கான அடையாள அட்டை, நீல ஐ.சி. வேண்டும், இல்லையென்றால் நீல ஐ.சி.க்குப் போட்ட மனுவை ஏற்றுக்கொண்டதாக ஒரு சீட்டாவது வேண்டும். அத்தையிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே புருஷனையும் புதைத்தவர். பிறந்ததைச் சொல்ல ஒரு தாள் இல்லாததால் இந்த நாட்டில் அவர் ஐம்பத்தைந்து வருஷமாக விருந்தாளி. பிள்ளைகுட்டியும் கிடையாது. வீடு கிடைக்காவிட்டால் போக்கிடம் என்று ஒன்று இல்லை.

அம்மா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அத்தை வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீதான் பழைய கடுதாசி செய்றவளாச்சே. எனக்கு ஒன்னு செஞ்சி குடு புள்ள."

"அத்தே, அது வெளையாட்டுக்குச் செய்யறது."

"நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்? பொறந்தது நெசம். பேப்பருதான் இல்ல. அப்பா பேரு வீராசாமி, அம்மா பேரு பெத்தம்மாள். பதினோராங்கட்டைத் தோட்டத்து ஆசுபத்திரி. நீ எழுதுலா."

எனக்குப் பயமே வரவில்லை என்றால் பொய். பிடித்தால் ஜெயில். ஆனால் பயத்துக்கு முன்னால் இன்னொன்று வந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னால் முடியும் என்ற எண்ணம் வந்தது. கிஷனும் குகனும் வாய் பிளந்தது போதுமா? ஒரு ஆபீஸ் வாய் பிளக்க வேண்டாமா? மாதிரிக்கு ஒரு பழைய விவரத் தாள் வேண்டும் என்று கட்டிலுக்கடியில் இருந்த அந்தப் புத்தகத்தை வெளியே இழுத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் படித்தேன்.

எந்தத் தோட்டம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. வருஷம் 1940, 1941. அத்தையின் பெயரை விரல் வைத்துத் தேடினேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அதற்கடுத்தது ஐம்பத்து நாலு. நடுவில் பிளேடு போட்ட பன்னிரண்டு அடிக்கட்டைகள். மிச்சத் தாள் எதிலும் அந்தப் பெயர் இல்லை. "என்ன புள்ள, இருக்கா?" என்றார் அத்தை. நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, பஸ் பிடித்துத் தங்கா பத்துவுக்கு ஓடினேன்.

விளையாட்டில் வந்த தாள்களை எல்லாம் கிஷன் ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தான். அந்த ஒரு நல்ல பழக்கத்துக்காக அவனை என்றைக்கும் மன்னிப்பேன். பதினொன்று கிடைத்தது. பன்னிரண்டாவதால் குகன் ஒரு நாள் கறி பாஃப் தின்ற கை எண்ணெயைத் துடைத்துப் போட்டுவிட்டானாம். யாருடைய பிறப்போ அது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நாற்பத்தேழாம் தாள். பெண். பெயர் இருசம்மாள். தகப்பன் வீராசாமி, பால் வெட்டுபவர். தாய் பெத்தம்மாள். பிறந்த நாள் மார்ச் பதினேழு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து... அதற்குமேல் இல்லை. ஓரத்தோடு எரிந்துவிட்டது. மேலெல்லாம் கோப்பி. திருப்பிப் பார்த்தால் என்னுடைய வரைபடம், என்னுடைய சிவப்புக் குறுக்குக்கோடு, என்னுடைய மண்டையோடு.

"பவானி, அழறியா?" என்றான் கிஷன்.

"ஒன் எட்ஜு! ஒன் பாழாப்போன எட்ஜு!" என்று கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான்? பிளேடு போட்டது நான். மெழுகுவர்த்தி பிடித்தது நான். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நான் படிக்கவில்லை. படிக்கவே தெரியாத அத்தை தன் பிறப்பைத் தானே கட்டிச் சுமந்து வந்து, வெட்டிக்கோ புள்ள என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

பதினொரு தாளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் வழி தெரிந்தது. புத்தகத்தின் கடைசியில் நிரப்பாத தாள்கள் இருந்தன. அதே காகிதம், அதே அச்சு. ஒன்றை அறுத்து, நாற்பத்தேழு என்று எண்ணைத் திருத்தி, டிரெஸ்ஸரின் சாய்ந்த கையெழுத்தைக் கற்றுக்கொண்டு, தொட்டெழுதும் பேனாவால் எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். வருஷத்தையும் முழுசாக எழுதினேன். கோப்பியில் முக்கவில்லை. மூடிய புத்தகத்துக்குள் தாள் எப்படி இருக்கும் என்பதை இப்போது கற்றுக்கொண்டுவிட்டேனே. என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் அதுதான் முதல் தரம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒன்றுதான் பாக்கி. தகவல் சொன்னவரின் கைநாட்டு என்று அடியில் ஒரு கட்டம். அசல் தாளில் அங்கே ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. நான் செய்ததில் அது காலி.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டேன். அத்தை வந்ததும் இரண்டு தாளையும் மேஜையில் வைத்து, நான் செய்த தப்பு முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னுடையதைத் தொட்டார்.

"இதுதான் அழகா இருக்கு. இதுதானே நெசம்?"

"இல்ல அத்தே. அது நான் செஞ்சது. கைநாட்டு மட்டும் வெச்சா முடிஞ்சிது. ஒங்க வெரலக் குடுங்க."

"கைநாட்டா? மத்ததுல யாரு வெச்சது?"

"ஒங்க அப்பா."

அத்தை சட்டென்று உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு வயதில், ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். திரும்பவில்லை. போட்டோ கிடையாது. எரிந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கறுப்பு ரேகைக்கு முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். ரேகையின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அச்சுப் பிசகு என்று நான் நினைத்திருந்தேன்.

"கத்தி வெட்டு," என்றார். "பால் வெட்டுற கத்தி சறுக்கி எலும்பு தெரிய அறுத்துக்கிட்டாராம். எடது கை பெருவெரலு. எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லும்." தன் பெருவிரலை அந்த ரேகைமேல் வைத்தார், அழுத்தாமல். "அப்ப எங்கப்பன் என்னையப் பாக்க ஆசுபத்திரிக்கு வந்திருக்காரு புள்ள."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

"இதத்தான் குடுக்கணும்," என்றார் அத்தை.

"அத்தே, பின்னால மண்டையோடு போட்டிருக்கு. ஓரம் எரிஞ்சிருக்கு. சிரிப்பாங்க. இத எடுத்துட்டுப் போனா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

"எங்கப்பன் வெரலு இருக்கற இடத்துல நான் வேற வெரல வைக்க மாட்டேன். சிரிச்சா சிரிக்கட்டும். நீ வந்து சொல்லு. ஒனக்குத்தான் வாய் இருக்குலா."

வாய் இருந்தது. என்னுடைய முதல் தரமான தாளை அடுப்பில் வைத்தபோது மனசு வலித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல தாள் என்பதால் உடனே பற்றிக்கொண்டது.

பதிவு ஆபீஸில் எங்கள் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு புவான், மலாய்க்கார அம்மாள், இருந்தார். நாற்பத்தேழாம் தாளை வாங்கினார், முகர்ந்தார், திருப்பினார். மண்டையோட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இது என்ன கூத்து என்று மலாயில் கேட்டார். பக்கத்துக் கவுண்டர் ஆள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அத்தை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கோப்பி நான் ஊற்றியது, புவான். ஓரத்தை எரித்தது நான். படம் வரைந்தது நான். மிச்சமெல்லாம் நிஜம்," என்றேன். எனக்கு மலாய் நன்றாகவே வரும், கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

"தாளைப் பழையதாகக் காட்டத் தெரிந்த ஆள் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எதை வைத்து நம்புவது?"

"நான் பொய்யாகச் செய்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன்."

அவர் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். நான் புத்தகத்தையே கவுண்டரில் தூக்கி வைத்தேன். பிளேடு போட்ட அடிக்கட்டையில் ஒரு இடத்தில் பிளேடு சறுக்கி வெட்டு வளைந்திருந்தது. தாளின் அறுத்த ஓரத்தை அங்கே வைத்தேன், வளைவோடு வளைவு உட்கார்ந்தது. காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி ஒன்று முப்பத்தெட்டாம் தாளில் நுழைந்து ஐம்பத்தாறில் வெளியேறியிருந்தது. அறுத்த தாள்களை எண் வரிசையில் செருகி, முப்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தாறு வரை சேர்த்துப் பிடித்து மேலே எரிந்த டியூப்லைட்டுக்குக் காட்டினேன். ஒரு ஓட்டை, ஒரே பாதை, நாற்பத்தேழு வழியாகவும். "பூச்சியை நான் பழக்கவில்லை, புவான்." எரிந்துபோன வருஷத்துக்கு நாற்பத்தாறையும் நாற்பத்தெட்டையும் காட்டினேன். ஒன்று மார்ச் ஒன்பது, மற்றது ஏப்ரல் இரண்டு, இரண்டும் 1941. நடுவில் பிறந்தவர் வேறு எந்த வருஷத்தில் பிறந்திருக்க முடியும்?

அவர் ஒவ்வொரு தாளாக ஓட்டையில் பென்சில் முனையை விட்டுப் பார்த்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அத்தை என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. புவான் வெளியே வந்து ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தார். எதை எதை நான் செய்தேன் என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், புத்தகம் ஆபீஸில் இருக்கும், மேலே விசாரிப்பார்கள்.

எழுதினேன். கோப்பி ஓ, சர்க்கரை இல்லாமல். மெழுகுவர்த்தி. சிவப்பு மை. என் கைவேலை எதிலும் அதுவரை என் பெயர் இருந்ததில்லை. பெயர் தெரிந்தால் வித்தை கெட்டுவிடும். அடியில் பவானேஸ்வரி என்று முழுசாக எழுதினேன். புவான் வரைபடத்தை இன்னொரு தடவை திருப்பினார்.

"பெட்டி கிடைத்ததா?"

"இல்லை புவான். தோண்டும்போது குகன் பகடையில் ஒன்று போட்டுவிட்டான்."

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் சிரித்தார். மனு பாரத்தை அத்தை பக்கம் தள்ளி, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அத்தை வலது கையை நீட்டி, அப்புறம் மடக்கிக்கொண்டு, இடது பெருவிரலை மையில் வைத்து, கட்டத்துக்குள் நிதானமாக அழுத்தினார். புவான் கிழித்துக் கொடுத்த சீட்டை நான்கு தடவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டுக்குத்தான் செலண்டாரில் வீடு கிடைத்தது.

நீல ஐ.சி. வந்துசேர அடுத்த வருஷத் தீபாவளி ஆகிவிட்டது. அத்தை புது வீட்டு வாசலில் நின்றபடி, கார்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறை மின்னியது, மூலைகள் கூராக இருந்தன, ஒரு கீறல் இல்லை. என்னிடம் நீட்டினார்.

"எவ்ளோ புதுசா இருக்கு பாரேன். அம்பத்தாறு வருசமா இந்த ஊருக்காரின்னு எவன் நம்புவான்? உள்ள கோப்பி போட்டிருக்கேன் புள்ள, இதுமேல கொஞ்சம் ஊத்தித் தர்றியா?"